ஒரு கரண்டி சாயத்தண்ணி

எங்கள் தோட்டத்தில் தேத்தண்ணியை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. விடியுமுன் எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, பாலில்லாத சாயத்தண்ணியை ஒரு கோப்பை சூடாக ஊற்றிக்கொண்டு பெரட்டுக்கு ஆள்கணக்குக் கொடுக்க ஓடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்றுதான் சொல்வார்கள். மனதாரச் சொல்வார்கள். மாதா கோயில் பூசைக்கு முன்னால் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று சாமியார் சொன்ன நாளிலும் அது உள்ளே போகும். தோட்டத்து டிஸ்பென்சரியில் சீனி வருத்தத்துக்கு ரத்தம் பார்க்க வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், வரிசையில் நிற்கிற பாதிப் பேர் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் நிற்பார்கள். அங்கிருந்த நர்ஸ் மிஸ், சாப்பிட்டீர்களா என்று கேட்பதை விட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்தீர்களா என்று கேட்கப் பழகிவிட்டார். என் அம்மாவை ஒரு தடவைக்கு மேல் திருப்பி அனுப்பியிருக்கிறார். அம்மா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வருவாள். ஒரு வாய் தேத்தண்ணிக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அவளுக்கு ஆறவே ஆறாது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் நடந்ததைக் கேள்விப்பட்ட ஆட்கள் என் அம்மாவை விவரமில்லாதவள் என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் மேல் எனக்கு இன்னும் எரிச்சல் போகவில்லை.

நான் பதுளை டவுனில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறவள். கடைக்காரர் முஸ்லிம், நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். வாரநாட்களில் டவுனில் ஒரு அறையில் தங்குவேன். சனிக்கிழமை கடை மூடியதும் லுணுகலை பஸ்ஸைப் பிடித்து, தோட்டத்து முச்சந்தியில் இறங்கி, எங்கள் வரிசைவீட்டு லயத்துக்கு ஏறுவேன். அப்பா இல்லை. அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறாள். அவள் உடம்பு காய்ந்த விறகுக் குச்சி மாதிரி இருக்கும். நானோ சின்ன வயதிலிருந்தே பருமன். அம்மாவின் பங்கையும் சேர்த்து நான்தான் தின்றுவிட்டேன் என்று லயத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காவிட்டால் அடுத்த பேச்சு இன்னும் மோசமாக வரும் என்று எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார வருகிறவர்கள் பார்க்கிற பார்வை, பெண் பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே முகம் சுருங்கியது, இதெல்லாம் இருக்கட்டும். அதற்காக நான் கத்திக்குப் போகவில்லை. சீனி வருத்தம் ஏறிக்கொண்டே போனது. முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. தூக்கத்தில் மூச்சு அடைத்து எழுந்து உட்காருவேன். கடைசியில் முச்சந்தியிலிருந்து லயத்துக்கு ஏறுகிற வழியில் பாதியில் நின்று, அம்மா கீழே இறங்கி வந்து என் பையை வாங்கிக்கொண்டு போகிற நிலைமைக்கு வந்தேன். நாள் முழுக்கக் கூடை சுமந்தவள் என் பையையும் சுமக்கிறாள் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

வாயைக் கட்டு, வாயைக் கட்டு என்று ஊரே சொன்னது. கட்டாமலா இருந்தேன்? கொள்ளுத்தண்ணி, வெந்தயத்தண்ணி, சோற்றைக் குறைத்தது, நிறுத்தியது, பட்டினி கிடந்தது என்று எதையும் விடவில்லை. குறைந்த எடை வட்டியோடு திரும்பி வந்தது. வாயைக் கட்டச் சொன்ன அதே ஆட்கள்தான் கல்யாண வீட்டில், இவளுக்கு எப்படி இது பத்தும் என்று சொல்லி, நான் கேட்காமலே இன்னொரு அகப்பை சோறு போட்டவர்கள். கிளினிக்கில் பார்த்த டொக்டர், வயிற்றைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை ஒன்று இருக்கிறது, உங்களுக்கு அது உதவும், ஆனால் விளையாட்டான காரியமில்லை, யோசித்து வாருங்கள் என்றார். நான் ஒரு வருஷம் யோசித்தேன். அம்மாவுக்கு மட்டும் கடைசிவரை மனம் ஒப்பவில்லை.

"பசி தாங்காமத்தான் நம்ம ஆளுங்க கடல் தாண்டி வந்தாங்க. நீ பசிக்காம இருக்குறதுக்கு வயித்த அறுக்கப் போறேங்குற. இத நான் யார்கிட்ட போய் சொல்லுவேன்?" என்றாள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. லயத்தில் பித்தப்பைக் கல் என்று சொல்லிவைத்தோம்.

கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செய்தார்கள். எழுந்து நடந்தேன், தண்ணீர் சிப் சிப்பாகக் குடித்தேன், வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லோருக்கும் நடப்பது போலத்தான் நடந்தது. ஆயிரத்தில் யாருக்கோ வரும் என்று சொல்கிற கேடு என் வீட்டு வாசலைத் தேடி வந்ததற்கு யாரைக் குற்றம் சொல்ல? தோட்டத்துக்கு வந்து இரண்டொரு நாளில் இடது தோள்பட்டையில் வலி பிடித்தது. வயிற்றை அறுத்தவளுக்குத் தோளில் என்ன வலி என்று நானே நினைத்தேன். வளைந்து வளைந்து மலை ஏறிய வேன் பயணத்தில் பிடித்திருக்கும், இல்லாவிட்டால் வாய்வு என்று அம்மா தைலம் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் காய்ச்சல் ஏறியது. நெஞ்சு படபடவென்று அடித்தது, படுத்தால் மூச்சு வரவில்லை. சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பராவில் இருக்கிற அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, இது வாய்வும் இல்லை வாதமும் இல்லை என்று சொல்லி, ஓடிப்போய் ஒரு த்ரீவீலரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் அன்றைக்கு எட்டிப் பார்த்திராவிட்டால் இதை எழுத நான் இல்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் வயிற்றை அவசரமாகத் திறந்து கழுவினார்கள். கண் விழித்தபோது என் உடம்பில் குழாய்கள் தொங்கின. சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு சிங்கள மனிதர், அமைதியாகப் பேசுவார். கடையில் நின்று நின்று எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். அவர் சொன்னது இதுதான். சிறிதாக்கித் தைத்த வயிற்றில், தையல் ஓரத்தில் ஒரு பொத்தல். நான் விழுங்குவது அந்த வழியாக வயிற்றுக்கு வெளியே கசிந்து, உள்ளே சீழ் பிடித்துவிட்டது. இடது பக்கத்தில் வைத்த குழாய் அந்தக் கசிவை ஒரு பைக்குள் வடித்துவிடும். இன்னொரு குழாய் நேராகக் குடலுக்குள் போகிறது, அதில் பால்மாவைக் கரைத்துச் செலுத்துவார்கள். பொத்தல் தானாக மூட வேண்டும். மூடுகிறவரை வாய்வழியாக ஒன்றும் கூடாது. மூடாவிட்டால் மறுபடியும் பெரிய சத்திரசிகிச்சை, அதை இந்த உடம்பு தாங்குமா என்று சொல்ல முடியாது.

அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். ஒன்னும் சாப்பிடக் கூடாதாம் அம்மா, மூடுகிறவரைக்கும். அவள் தலையை ஆட்டினாள். கழுத்தில் இருந்த ஜெபமாலைச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு பருக்க சோறு குடுக்க மாட்டேன் சாமி" என்று டொக்டரிடம் தமிழிலேயே சத்தியம் பண்ணினாள். அவருக்கு அது புரிந்தது. எனக்கும் அப்போது சரியாகத்தான் பட்டது.

பசி எனக்கு இல்லை. பசிக்கிற பாகத்தையே வெட்டியெடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் தாகம் இருக்கிறதே, அதை நான் எந்த எதிரிக்கும் நினைக்கமாட்டேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உதடு வெடித்து ரத்தம் கசியும். வாயைக் கொப்பளித்துத் துப்பலாம், ஈரப் பஞ்சால் உதட்டைத் தொடலாம், அவ்வளவுதான் அனுமதி. இந்த லட்சணத்தில் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? நம் ஆட்களுக்கு நோயாளி என்றால் மோல்ட் மா டின், பிஸ்கட், தோடம்பழம், செவ்விளநீர். கட்டில் பக்கத்து மேசையில் சாமான் நிறைந்து வழிந்தது. ஒரு சொட்டுத் தண்ணீருக்கு ஏங்குகிறவளின் தலைமாட்டில் ஒரு பலசரக்குக் கடை. நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தேன். அம்மா எல்லாவற்றையும் எடுத்து வார்ட்டில் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவாள்.

அவள் தனக்கென்று கொண்டுவந்தது ஒரே ஒரு பிளாஸ்க். அதில் சாயத்தண்ணி. ஒரு கடி வெல்லத்தோடு அதைக் குடித்துக்கொண்டு என் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள்.

பையில் வடிகிற தண்ணீர் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டு வந்தது. அளவும் குறைந்தது. டொக்டர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன். இப்படியே போனால் சீக்கிரம் நீலத்தண்ணி கொடுத்துப் பார்க்கலாம் என்றார். நீலச் சாயம் கலந்த தண்ணீரைக் குடிக்கச் சொல்வார்கள். பையில் நீலம் வராவிட்டால் பொத்தல் மூடிவிட்டது என்று அர்த்தம். நான் அந்த நீலத்தண்ணிக்காக, பண்டிகைக்குக் காத்திருக்கிற பிள்ளை போலக் காத்திருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் வலி மருந்தில் அரைமயக்கத்தில் கிடந்தேன். உதட்டில் ஈரம் பட்டது. பஞ்சு என்று நினைத்தேன். அது கரண்டி. வெதுவெதுப்பாக, கொஞ்சம் துவர்ப்பாக, கொஞ்சம் இனிப்பாக வாய்க்குள் இறங்கியது. எங்கள் அடுப்படி வாசனை. துப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் தொண்டை விழுங்கிவிட்டது. அடுத்த கரண்டி வந்தது. அதுவும் போனது. கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கையில் பிளாஸ்க் மூடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் என்ன சொல்ல நினைத்தேன் என்று ஞாபகமில்லை, திரும்பத் தூங்கிப்போனேன்.

விழித்தபோது கட்டிலைச் சுற்றி ஆட்கள். பையில் இருந்த தண்ணீர் செம்பழுப்பாக மாறியிருந்தது. காலையில் தெளிந்திருந்தது திடீரென்று இப்படி ஆனால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்றுதான். மிஸ் என் கையில் ஊசி ஏற்றுகிறார், ஒருவர் பிரஷர் பார்க்கிறார், சின்ன டொக்டர் போனில் பெரிய டொக்டரைக் கூப்பிடுகிறார். தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்வது என் காதில் விழுந்தது. மறுபடியும் திறக்கப் போகிறார்கள். உடம்பு தாங்குமா என்று சொல்ல முடியாது என்றாரே, அந்தத் திறப்பு.  செத்துவிடுவேன் என்று நினைத்தேன். அலங்காரமாகச் சொல்லவில்லை, அப்படியே நினைத்தேன்.

அம்மாவை வார்ட்டுக் கதவுக்குப் பக்கத்தில் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அவள் அங்கிருந்து பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரிய டொக்டர் உள்ளே வந்தார். யாரும் கூப்பிடாமலே அம்மா நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"அது ரத்தமில்லங்க. அது என் தேத்தண்ணி" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவளுக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் மறுபடியும் சொன்னாள். பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றி, அந்த மூடியைப் பைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். தேத்தண்ணி தரையில் சிந்தியது.  டொக்டர் மூடியையும் பார்த்தார், பையையும் பார்த்தார். எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டார். ஏன் கொடுத்தாய் என்று கேட்கவில்லை. அந்த மனிதருக்கு நான் அதற்காக இன்றைக்கும் கும்பிடு போடுவேன்.

தியேட்டருக்குப் போகவில்லை. ஆனால் பொத்தல் இன்னும் திறந்துதான் இருக்கிறது என்று தெரிந்துபோனது. தெளிந்த தண்ணீரைப் பார்த்து நாங்கள் எல்லோரும் ஏமாந்திருந்தோம். சாயங்காலம் காய்ச்சல் திரும்பி வந்தது, நடுக்கத்தோடு வந்தது. அம்மா பக்கத்தில் வந்து போர்வையை இழுத்துவிட்டாள். ஒன்னும் சாப்பிடக் கொடுக்கலியே புள்ள, தேத்தண்ணிதானே என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குத் தலைக்கு மேல் ஏறியது.

"இனிமே அந்த பிளாஸ்க்க என் கண்ணுல காட்டாத. ஒன் தேத்தண்ணியே என்னைக் கொன்னுரும்" என்று கத்தினேன். வார்ட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கோபம் வராமல் எப்படி இருக்கும்? சாவைப் பக்கத்தில் பார்த்துவிட்டு வந்தவளிடம் பொறுமையை எதிர்பார்க்கக் கூடாது.  அம்மா பிளாஸ்க்கை முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அடுத்த நாள் வந்தபோது அவள் கையில் பிளாஸ்க் இல்லை. அதை அப்போது நான் பெரிதாகக் கவனிக்கவில்லை.

வாரங்கள் போயின. கொஞ்சம் தேறியதும், குழாய்களோடும் பையோடும் வீட்டுக்கு அனுப்பினார்கள். குழாயில் பால் செலுத்துவது எப்படி, பையை எப்படிக் காலி பண்ணுவது என்று அம்மாவுக்கு மிஸ் சொல்லிக்கொடுத்தார். கொழுந்துக் கறை ஏறி வெடித்த அந்த விரல்களால் அவள் சிரிஞ்சைப் பிடித்து, ஒரு குமிழி காற்றுப் போகாமல் மெல்லச் செலுத்துவாள். அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற நேரத்தில் பக்கத்துக் காம்பரா அக்கா பார்த்துக்கொள்வாள். பித்தப்பைக் கல் கதை அதற்குள் உடைந்துபோயிருந்தது. உடைந்தால் என்ன, எனக்கு மறைக்கத் தெம்பில்லை.

நானா ஒருநாள் பதுளையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். லயத்துக்கு ஏறிய மூச்சிரைப்போடு ஒரு பார்சலை நீட்டினார். முன்பக்கம் பட்டன் வைத்து, குழாய் வெளியே வர இடுப்போரத்தில் திறப்பு விட்டுத் தைத்த பருத்திக் கவுன்கள். கடைத் தையல்காரரிடம் எப்படிச் சொல்லித் தைத்தாரோ தெரியாது. கடையில ஒங்கட கதிரைல வேற யாரையும் இருக்க விடல்ல தங்கச்சி, மெதுவா வாங்க என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அந்தக் கவுனை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். குழாய் தொங்க ஆரம்பித்த பிறகு என்னை யாராவது ஒரு மனுஷியாக அளவெடுத்தது அதுதான் முதல் தடவை.

மற்றவர்கள் வந்து சொன்னதைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, காலில் சதை கரைந்து எழுந்து நிற்க முடியவில்லை, வாய்வழி ஒரு சொட்டு இறங்கி மாதக்கணக்காகிறது. வந்தவர்களோ, எவ்வளவு மெலிஞ்சுட்ட, இப்பத்தான் அம்சமா இருக்க என்றார்கள். பெண் பார்க்க வரச் சொல்லவா என்று ஒருத்தி கேட்டாள். வரச் சொல்லுங்க, பையை ஒருத்தரும் குழாயை ஒருத்தருமாப் பிடிச்சுக்கட்டும் என்றேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை, நல்லது.

அதற்குள் தவக்காலம் தொடங்கியிருந்தது. எங்கள் லயத்தில் வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம்தான். சாம்பல் புதனிலிருந்து ஒருவர் மீனை விடுவார், ஒருவர் வெற்றிலையை விடுவார். அம்மா தேத்தண்ணியை விட்டிருந்தாள். காலையில் வெறும் சுடுதண்ணீரைக் குடித்துவிட்டு பெரட்டுக்குப் போவாள். தலைவலியில் நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வருவாள். வருஷா வருஷம் எதையாவது விடுகிறவள்தானே என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் அப்போது பேச்சும் குறைவு. பால் ஏற்றவா, ஏற்று. பையைக் காலி பண்ணவா, பண்ணு. அவ்வளவுதான்.

நீலத்தண்ணி ஒருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம். ஒரு மிடறு குடித்துவிட்டு எல்லோரும் பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் குழாயில் நீலம் இழையாக இறங்கியது. டொக்டர் அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார். நான் பஸ்ஸில் தோட்டத்து முச்சந்தி வரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். அம்மா என் மடியில் இருந்த பையைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இது மூடாது, நான் இப்படியே போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று அன்றைக்கு முடிவே கட்டிவிட்டேன்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. கோயிலிலிருந்து அம்மா திரும்பியதும் பக்கத்துக் காம்பரா அக்கா, பெருநாளாச்சே என்று பால் விட்ட தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். அவள் இந்து, ஆனால் எங்கள் பெருநாளெல்லாம் அவளுக்கும் பெருநாள்தான். அம்மா கோப்பையை வாங்கவில்லை. வேண்டாம் புள்ள என்று சொல்லிவிட்டு வெளியே துணி காயப் போடப் போனாள். தவக்காலந்தான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன என்று நான் கேட்டேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"தவக்காலமா? நீ ஆஸ்பத்திரியில கத்தின நாள்லருந்து அவ தேத்தண்ணிய தொடல. மலையில எல்லாரும் தேத்தண்ணி குடிக்கயில தனியாப் போய் நிக்கிறா. ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியவில்லை. ஒரே காம்பராவில் படுத்துக் கிடந்து தெரியவில்லை. நாள் முழுக்க அந்தச் செடிகளுக்கு நடுவில் நிற்கிறவள், விரலெல்லாம் அந்த வாசனை, தொண்டையில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. குளிரில், மழையில், அட்டைக் கடியில், தலையிடியோடு.  அம்மாவைக் கூப்பிட்டேன். உட்கார், இந்தக் கோப்பையை எடு, குடி என்றேன். மாட்டேன் என்றாள். நான் அன்றைக்குப் பேசியதை மனதில் வைத்துக்கொண்டு வதைக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறாயா என்றேன். அதுவும் இல்லையாம்.

"நேத்தியெல்லாம் ஒன்னுமில்ல. நீ குடிக்கிற அன்னைக்கு நானும் குடிக்கிறேன். அதுக்கு முன்ன எனக்கு எறங்காது புள்ள" என்றாள்.

நான் அழுதேன், அவளும் அழுதாள், அக்கா கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று அழுதாள். கடைசியில் அந்தத் தேத்தண்ணியை அக்காவே குடித்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வீம்பு பிடித்தது. அதுவரை மூடினால் மூடட்டும் என்று கிடந்தவள், மூடித்தான் ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன். பொத்தல் வீம்புக்கு மூடுமா என்றால் மூடாதுதான். ஆனாலும் குமட்டல் வந்தால் பால் செலுத்த வேண்டாம் என்று சொல்வதை நிறுத்தினேன். கம்பைப் பிடித்துக்கொண்டு லயத்து வாசலில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். டொக்டர் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துவைத்தார். பையில் வடிவது குறைந்தது. முன்னால் ஒருமுறை ஏமாந்ததால் யாரும் வாய் திறந்து சந்தோஷப்படவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது மறுபடியும் நீலத்தண்ணி கொடுத்தார்கள். குடித்தேன். பையைப் பார்க்கத் தைரியமில்லாமல் கூரையில் இருந்த விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா கட்டில் ஓரத்தில் குந்தி, பைக்கு நேராகக் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மிஸ் வந்து பார்த்தார், போனார், திரும்ப வந்தார். படமும் எடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் டொக்டர் வந்து, மூடிவிட்டது என்று நினைக்கிறேன் என்றார். பை இன்னும் சில நாள் இருக்கட்டும். இன்றைக்கு ஒரு கரண்டி தெளிந்த தண்ணீர் குடிக்கலாம். எல்லாம் சரியாக இருந்தால் நாளைக்குக் கொஞ்சம் கூட்டலாம்.

அம்மா என் கையைச் சுரண்டினாள். கேளு, கேளு என்றாள். என்ன கேட்பது என்று எனக்குத் தெரியும். சிங்களத்தில் கேட்டேன், அம்மா தேத்தண்ணியைப் பற்றிக் கேட்கிறாள் என்று. டொக்டர் அவளைப் பார்த்தார். அவருக்கு அந்த பிளாஸ்க் மூடி ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். சீனியில்லாமல், மெல்லிய சாயத்தில், ஆறவைத்து, அந்த ஒரு கரண்டி தேத்தண்ணியாகவே இருக்கட்டும் என்றார்.

அவள் எங்கிருந்தோ அந்தப் பழைய பிளாஸ்க்கை எடுத்தாள். தன் கூடைக்குள் மடித்த துணிக்குக் கீழே வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். சுடுதண்ணீர் மட்டும்தான் இருந்தது, தூள் தனியாகக் காகிதத்தில். கோப்பையில் சாயம் இறக்கி, வடித்து, ஊதி ஊதி ஆற வைத்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒரு கரண்டி அள்ளி என் வாயில் விட்டாள். இந்தத் தடவை நான் முழு விழிப்போடு விழுங்கினேன். துவர்ப்பு நாக்கில் பரவி, தொண்டையில் இறங்கி, நெஞ்சுக்குள் எங்கே போகிறது என்று வழி தெரிகிற மாதிரி இருந்தது.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. பையையே பார்த்தாள். கரண்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், பேசாதே என்று கையைக் காட்டினாள். பையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், கீழே விட்டாள், மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். பை இருந்த மாதிரியே இருந்தது.

"அம்மா, இன்னும் ஒரு கரண்டி குடு" என்றேன்.

அவள் கோப்பையை எனக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"டொக்டர் ஒரு கரண்டின்னுதான் சொன்னாரு" என்றாள்.

தேத்தண்ணிதானேம்மா என்று கெஞ்சினேன். தேத்தண்ணின்னா மட்டும் கணக்கில்லையா என்று அதட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கோப்பையில் மிச்சமிருந்ததை அவளே குடித்தாள்.